காயில் கட்டுகிறவரின் நோட்டு

பழைய மின்விசிறி தேடிக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போகிறவர்கள் தவறாமல் கேட்கும் ஒரு சொல் உண்டு: "பர்மா சாமான்." எந்தக் கடையில் எந்த விசிறியைத் தொட்டாலும் அது ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தது என்பார்கள். முழுப் பொய் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடிக்கும்வரை நகரத்தார் குடும்பங்கள் பலவற்றின் கொடுக்கல் வாங்கல் அந்த நாட்டோடுதான். அங்கிருந்து தேக்கு வந்தது, விசிறியும் வந்திருக்கலாம். ஆனால் நான் கடைக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே விசிறியின் முதுகைத் திருப்பிப் பார்ப்பவன். மோட்டாரின் பின்மூடியிலோ அடித்தட்டிலோ ஒரு சின்னப் பித்தளைத் தகடு இருக்கும். அதைப் படித்த பிறகுதான் விலை பேசுவேன்.

செய்தவர் பெயர், ஊர், வரிசை எண், இறக்கை வீச்சு எத்தனை அங்குலம், எத்தனை வோல்ட், ஏசியா (மாறுமின்சாரம்) டிசியா (நேர்மின்சாரம்), ஏசி என்றால் நொடிக்கு எத்தனை சைக்கிள் (இன்று ஹெர்ட்ஸ் என்பது) என்பதெல்லாம் அந்தத் தகட்டில் இருக்கும். ஒரு விசிறியின் ஜாதகத்தில் பாதி அது. ஜி.இ.சி. என்று இருந்தால் இங்கிலாந்து நிறுவனம், ஜி.இ. என்று இருந்தால் அமெரிக்க நிறுவனம். இரண்டுக்கும் பெயரில் மட்டுமே உறவு. அமெரிக்க விசிறி பெரும்பாலும் 110 வோல்ட், 60 சைக்கிள். நம் வீட்டில் 230 வோல்ட், 50 சைக்கிள். அதை நேரே பிளக்கில் சொருகினால் காயில், அதாவது மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள், கருகிவிடும். மின்மாற்றி வைத்து வோல்ட்டைக் குறைத்து ஓட்டினாலும், சைக்கிள் குறைவதால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்துதான் சுற்றும். மரெல்லி என்று இருந்தால் இத்தாலியின் மிலான் நகரத்துச் சரக்கு. எர்கோலே மரெல்லி 1891-இல் தொடங்கிய நிறுவனம். கிராம்ப்டன் பார்க்கின்சன் என்று முழுப் பெயரும் இருந்தால் 1927-க்குப் பிற்பட்டது, ஏனென்றால் கிராம்ப்டனும் பார்க்கின்சனும் ஒன்றுசேர்ந்தது அந்த ஆண்டில்தான். தகடு இல்லாத விசிறியையும் நான் வாங்கியிருக்கிறேன், ஆனால் தகட்டைப் பிடுங்கித் தனியாக விற்கும் கடையில் எதையும் வாங்குவதில்லை.

விசிறியின் வரலாறு பெரும்பாலும் அமெரிக்காவில் தொடங்குகிறது. 1882-இல் ஸ்கைலர் ஸ்காட்ஸ் வீலர் இரண்டு இறக்கை கொண்ட மேசை விசிறியைச் செய்தார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பிலிப் டீல், தையல் இயந்திரத்துக்காகத் தாம் செய்திருந்த மோட்டாரைக் கூரையில் தொங்கவிட்டு இறக்கை மாட்டினார். இரண்டும் நேர்மின்சாரத்தில், அதாவது டிசியில் ஓடியவை. 1888-இல் நிக்கோலா டெஸ்லா பெற்ற தூண்டல் மோட்டார் காப்புரிமைகளுக்குப் பிறகுதான் கார்பனும் கம்யூட்டேட்டரும் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் கட்டையும் அது உரசும் செம்புப் பட்டை உருளையும்) இல்லாமல் ஏசியில் ஓடும் விசிறிக்கு வழி பிறந்தது.

நம் நாட்டுக்கு மின்விசிறி வந்த கதையை நினைக்கும்போது எனக்கு மனத்தில் நிற்பது இயந்திரமல்ல, ஒரு மனிதர். அரசு அலுவலகங்களிலும் கலெக்டர் பங்களாக்களிலும் உத்தரத்திலிருந்து பெரிய துணிப் பங்கா தொங்கும். வெளியே தாழ்வாரத்தில் ஒருவர் உட்கார்ந்து நாள் முழுதும் கயிற்றை இழுத்துக்கொண்டிருப்பார். காற்று உள்ளே இருக்கிறவருக்கு; அவருக்கு வெயில். 1899 ஏப்ரலில் கல்கத்தாவின் இமாம்பாக் சந்தில் மின்நிலையம் ஓடத் தொடங்கியபோது, அந்த நகரத்து அலுவலகங்களில் முதலில் இடம் மாறியவற்றில் ஒன்று பங்காக் கயிறு. ஒரு மனிதரைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துவிட்ட இயந்திரம் என்பதற்காகவே நான் மின்விசிறியை மதிக்கிறேன். பித்தளைப் பளபளப்பெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கல்கத்தாவில் அன்று வந்தது டிசி. அந்தக் காலத்து விசிறிகள் பலவும் அதற்கேற்றவை. தமிழ்நாட்டிலோ 1932-இல் பைக்காரா, 1937-இல் மேட்டூர், 1944-இல் பாபநாசம் என்று நீர்மின் நிலையங்கள் வரிசையாக வந்து, தொலைதூரக் கம்பிகளில் ஏசி ஓடியது. எங்கள் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றுக்கு அதற்கும் வெகுகாலம் கழித்துத்தான் விளக்கே வந்தது. ஆகவே மதுரை வட்டாரத்தில் ஒரு டிசி விசிறி கிடைத்தால் அது எங்கிருந்தோ வந்து சேர்ந்தது என்று கொள்ளலாம். கப்பலில் இருந்ததாக இருக்கலாம், தூத்துக்குடி வழியாக வந்திருக்கும். சொந்தமாக டைனமோ வைத்திருந்த பெரிய வீட்டினுடையதாக இருக்கலாம். எல்லாவற்றையும்விட அதிகமாக, ரயில் பெட்டியில் இருந்ததாக இருக்கும்.

ரயில் விசிறி தனி ரகம். பெட்டிக்கு அடியில் சக்கர அச்சிலிருந்து பெல்ட் போட்டு ஓடும் டைனமோ, அதனோடு பேட்டரி வரிசை, அதிலிருந்து 24 வோல்ட்டோ 110 வோல்ட்டோ டிசி. குலுங்கலைத் தாங்க வேண்டும் என்பதால் வார்ப்பு கனமாக இருக்கும், கூண்டு நெருக்கமாக இருக்கும். என்னிடம் உள்ள ஒன்றின் மேல் எஸ்.ஐ.ஆர். என்று முத்திரை குத்தியிருக்கிறது. சவுத் இந்தியன் ரயில்வே 1951 ஏப்ரலில் தென்னக ரயில்வேயில் இணைந்துவிட்டது. எனவே இது அதற்கு முந்தியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இந்த ரகத்தை வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதைத் தண்டிப்பதற்கென்றே 1966-இல் வந்த ஒரு தனிச் சட்டம் இருக்கிறது. ஏலத்தில் எடுத்ததற்கான ரசீது கைமாறி வந்தால் மட்டுமே வாங்குங்கள். "அதெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்" என்று சொல்லும் கடையை விட்டு உடனே இறங்கிவிடுங்கள்.

220 வோல்ட் டிசி விசிறியை நம் வீட்டு ஏசியில் ஓட்ட ஒரு வழி உண்டு. நான்கு டயோடு கொண்ட பிரிட்ஜ் ஒன்றை இடையில் போட வேண்டும். 230 வோல்ட் ஏசியை அப்படி நேராக்கினால் சராசரியாக 207 வோல்ட் வரும். விசிறி சற்று நிதானமாக, சூடேறாமல் ஓடும். மின்னோட்டத்தைச் சீராக்குகிறேன் என்று சொல்லி அதோடு ஒரு பெரிய கண்டென்சரையும் சேர்த்தால் வோல்ட் 325 வரை ஏறி ஆர்மேச்சர், அதாவது டிசி மோட்டாரின் சுழலும் கம்பிச்சுருள், தீய்ந்துபோகும். பிரிட்ஜே வேண்டாம், நேராக ஏசியில் கொடுத்துப் பார்க்கலாம் என்பவர்களும் உண்டு. சில விசிறிகள் சுற்றவும் செய்யும். ஆனால் டிசிக்காக வார்த்த காந்தத்துருவம் பெரும்பாலும் ஒரே கட்டி இரும்பு. தகடு தகடாக அடுக்கியதல்ல. ஏசி பாய்ந்தால் அந்த இரும்புக்குள்ளேயே சுழல் மின்னோட்டம் எழுந்து அடுப்பாகச் சூடேறும். பத்து நிமிடம் சுற்றியது என்பதற்காக அது ஓடுகிறது என்று சொல்லிவிடக் கூடாது.

இனி வேலைக்கு வருகிறேன். வாங்கிய அன்றே பிளக்கில் சொருகிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதை அடக்க வேண்டும். எண்பது ஆண்டு விசிறிக்குள் பருத்தி நூல் சுற்றிய கம்பி இருக்கும், அதன்மேல் அரக்கு வார்னிஷ் இருக்கும், ஓரிடத்தில் வார்னிஷ் உதிர்ந்து கம்பி இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் விசிறியின் உடம்பு முழுவதும் மின்சாரம். முதலில் மெக்கர் என்ற, மின்கசிவைக் காட்டும் கருவியை வைத்து 500 வோல்ட்டில் பார்க்க வேண்டும். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அப்படியே வைத்துவிட வேண்டும். பிறகு ஒரு 60 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்துக் கொடுத்துப் பார்ப்பது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சமாக எரியும், விசிறி பிழைத்துக்கொள்ளும். மங்கலாக எரிந்து இறக்கை மெல்ல அசைந்தால் நல்ல சேதி. இந்தச் சோதனைக்காகவே இழைப் பல்புகளைக் கண்ட இடத்தில் வாங்கி வைத்துக்கொள்கிறேன். எல்இடி பல்பு இதற்கு உதவாது.

பெரும்பாலான மேசை விசிறிகளில் முதலில் கெடுவது காயில் அல்ல, கழுத்துக் கம்பி. அடித்தட்டிலுள்ள சுவிட்சிலிருந்து மோட்டாருக்கு ஏறும் அந்தக் கம்பி, தலை இடமும் வலமும் திரும்பும்போதெல்லாம் வளைந்து நிமிர்கிறது. ரப்பர் உறையும் நூல் பின்னலும் காலத்தால் காய்ந்து, பெட்டியில் வைத்த பட்டுப்புடவை மடிப்பில் இற்றுப்போவதுபோல, எப்போதும் வளையும் அந்த ஒரே இடத்தில் விட்டுப்போகும். "மோட்டார் போய்விட்டது" என்று எடைக்குப் போடப்பட்ட விசிறிகளில் எத்தனையோ இந்த இரண்டு சாண் கம்பிக்காகச் செத்தவை. பழைய தோற்றம் வேண்டுமென்றால் பருத்திப் பின்னல் போட்ட புதுக் கம்பி கிடைக்கிறது. அதையே மூன்று இழையாக வாங்கி மூன்று முனைப் பிளக் போட்டு எர்த் கொடுத்துவிட வேண்டும். அந்தக் காலத்தில் எர்த் இல்லை என்பது இந்தக் காலத்தில் ஷாக் வாங்குவதற்குக் காரணமாகாது.

அடுத்தது புஷ். மோட்டாரின் தண்டு சுற்றுவது பித்தளை அல்லது வெண்கலப் புஷ்ஷுக்குள்தான். இன்றைய குண்டு பேரிங் இவற்றில் அபூர்வம். எண்ணெய்க் கிண்ணத்தில் கம்பளித் திரி இருக்கும், அது எண்ணெயை உறிஞ்சித் தண்டுக்குக் கொடுக்கும். பழைய எண்ணெய் பிசினாக இறுகிக் கிடப்பதால்தான் பல விசிறிகள் சுற்றுவதில்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, திரியை மாற்றி, டர்பைன் ஆயில் ஊற்றினால் போதும். தையல் மிஷின் எண்ணெய் மிகவும் லேசானது, சீக்கிரம் ஓடிவிடும்; வண்டி இஞ்சின் ஆயிலில் அழுக்கைக் கரைக்கும் மருந்து கலந்திருக்கும், அது திரிக்கு ஆகாது. புஷ்ஷே தேய்ந்து தண்டு ஆடினால் மதுரை ஜெய்ஹிந்த்புரத்தில் லேத் பட்டறைக்குப் போவேன். அங்கே அளவு சொன்னால் போதும், எதற்கு என்று கேட்காமல் வெண்கலத்தில் கடைந்து தருவார்கள். விசிறிக்கு என்று தெரிந்துவிட்டால் சும்மா இருந்த இன்னும் இரண்டு பேர் வந்து நின்று பார்ப்பார்கள்.

இறக்கைகளை ஒருபோதும் பிரித்து வேறு விசிறிக்கு மாற்றக் கூடாது. ஒரு விசிறியின் நான்கு இறக்கைகளும் ஒன்றாகச் சமன் பார்க்கப்பட்டவை. ஒரு குச்சியை நிறுத்திவைத்து ஒவ்வொரு இறக்கை நுனியும் அதே புள்ளியைக் கடக்கிறதா என்று கையால் சுற்றிப் பார்த்தால் வளைந்தது எது என்று தெரிந்துவிடும். பழைய கூண்டுகளில் கம்பிகளுக்கு இடையே குழந்தையின் கை தாராளமாகப் போகும். பித்தளை இறக்கை விரலை வெட்டிவிடும். குழந்தைகள் உள்ள வீட்டில் இவை உயரமான அலமாரியில் இருக்க வேண்டும், அல்லது ஓடவே கூடாது.

பித்தளை என்றதும் பாலிஷ் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று வரும், நம் வீட்டுக் குத்துவிளக்குக்கு அது சரி. விசிறிக்கு வேண்டாம். ஆணி இடுக்குகளில் தங்கிய புளியும் உப்பும் சில மாதங்களில் பச்சையாகக் களிம்பேறும். தகட்டில் எழுத்துகளுக்குள் இருக்கும் கறுப்புச் சாயமும் போய்விடும். போனால் அந்த எழுத்து திரும்ப வராது. பஃபிங் சக்கரத்தில் கொடுத்து முகம் பார்க்கும் கண்ணாடியாக ஆக்கித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். ஓட்டல் வரவேற்பறைகளில் நிற்பவை அப்படிப்பட்டவைதான். சக்கரம் பித்தளையைத் தின்னும். விளிம்பு மழுங்கும், முத்திரை மறையும். அடித்தட்டின் கறுப்பு பெயிண்ட் அசலாக இருந்தால் லேசான சோப்புத் தண்ணீரால் துடைத்து மெழுகு தடவுவதோடு நிறுத்திக்கொள்வேன். சூளையில் சுட்டுப் பிடித்த அந்தக் கறுப்பின் ஆழம் இன்றைய ஸ்பிரே பெயிண்டில் வருவதில்லை.

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் பொறுமையும் கைக்கருவிகளும் உள்ள யாரும் செய்துவிடலாம். காயில் கருகியிருந்தால் மட்டும் முடியாது. அங்கேதான் மதுரை வருகிறது.

தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் காயில் கட்டுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், ஆகவே அண்ணன் என்றே எழுதுகிறேன். மில்லில் மோட்டார் பார்த்த ஒரு மேஸ்திரியிடம் சிறு வயதில் சேர்ந்து கற்றவர். கிணற்று மோட்டார், மிக்சி, கிரைண்டர், விசிறி எல்லாம் அவர் கையில் போய் வரும். கருகிய ஸ்டேட்டரை (மோட்டாரில் சுற்றாமல் நிற்கும், காயில் உட்காரும் பகுதியை) அவர் கையில் எடுத்ததும் கம்பியைப் பிடுங்க மாட்டார். முதலில் முகர்ந்து பார்ப்பார். பிறகு வெளிச்சத்தில் பிடித்து, எந்தக் காயில் இரும்பிலுள்ள எந்தக் காடியில், அதாவது பள்ளத்தில், தொடங்கி எதில் முடிகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே போவார். முனைகள் எந்த வரிசையில் சேர்கின்றன என்பதைத் தாளில் வரைவார். அதற்குப் பிறகுதான் ஒரு காயிலை மட்டும் முழுதாக வெட்டி எடுத்து, சுற்று சுற்றாகப் பிரித்து எண்ணுவார். கம்பியின் பருமனை மைக்ரோமீட்டரில் பார்ப்பார். கூரை விசிறிக்குப் பெரும்பாலும் 36 கேஜ். அதாவது 0.193 மில்லிமீட்டர், தலைமுடியைப் போல் இரண்டு மூன்று மடங்குதான் தடிமன்.

"தம்பி, கம்பியை யார் வேண்டுமானாலும் சுற்றலாம். எண்ணும்போது பேசக் கூடாது, அதுதான் வேலை" என்பார்.

ஏன் இத்தனை கவனம் என்றால், ஏசி விசிறியின் வேகம் காயில்கள் உண்டாக்கும் காந்தத் துருவங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 50 சைக்கிளில் நான்கு துருவம் என்றால் காந்தப் புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும், ஆறு துருவம் என்றால் 1000, பதினான்கு துருவக் கூரை விசிறியில் 428. விசிறி அதற்குச் சற்றுக் குறைவாக ஓடும். ஒரு காயிலின் முனையைத் தலைகீழாக இணைத்துவிட்டால் இரண்டு துருவங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். விசிறி உறுமுமே தவிரச் சுற்றாது. சுற்று எண்ணிக்கை குறைந்தால் சூடேறும், கூடினால் இழுவை இருக்காது. கம்பி உட்கார வேண்டிய காடியில் முதலில் லெதராய்டு என்ற மின்காப்புத் தாள் மடித்து வைத்து, காயிலை இறக்கி, பருத்தி நாடாவால் கட்டி, வார்னிஷில் முக்கி, பல்புகள் எரியும் ஒரு தகரப் பெட்டிக்குள் காயவைப்பார். சித்திரை, வைகாசியில் பெட்டி தேவையில்லை. மாடியில் வைத்தாலே போதும், மதுரை வெயில் அந்த வேலையைச் செய்துவிடும்.

டிசி ஆர்மேச்சர் இதைவிடக் கடினம். கம்யூட்டேட்டரின் செம்புப் பட்டைகளுக்கு இடையில் உள்ள மைக்காவைச் செம்பைவிடத் தாழ்த்திச் செதுக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்பன் துள்ளும், பொறி பறக்கும். புதுக் கார்பனை அப்படியே மாட்டக் கூடாது. நைசான உப்புத்தாளைக் கம்யூட்டேட்டரின் மேல் சுற்றி, கார்பனின் முகம் அதன் வளைவுக்குப் பொருந்தும்வரை தேய்க்க வேண்டும். எமரித் தாள் வேண்டவே வேண்டாம், அதன் துகள் செம்பில் பதிந்து தொல்லை கொடுக்கும். இந்த வேலையைப் பொறுமையாகச் செய்கிறவர்கள் மதுரையில் அருகிவிட்டார்கள்.

விசிறி சேர்க்கிறவர்களுக்குள் ஒரு பழைய வாக்குவாதம் உண்டு. காயில் மாற்றிய விசிறி அசல் இல்லை, அதன் மதிப்புக் குறைந்தது என்பார்கள் ஒரு சாரார். கருகிய அசல் காயிலோடு கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் விசிறிக்கு அவர்கள் அதிக விலை கொடுப்பார்கள். நான் இதை ஒப்புக்கொள்வதே இல்லை. இங்கிலாந்திலிருந்தோ இத்தாலியிலிருந்தோ வந்த ஒரு விசிறி இந்த வெயிலில், இந்த ஏறி இறங்கும் மின்சாரத்தில் எழுபது எண்பது ஆண்டு உழைத்திருக்கிறது என்றால் அதற்குக் காரணம் அதைச் செய்த தொழிற்சாலை மட்டுமல்ல. அது நின்றபோதெல்லாம் அதைத் திறந்து, எந்தக் கையேடும் இல்லாமல், எண்ணி எண்ணி மறுபடி கட்டியவர்கள் இங்கே இருந்தார்கள். என்னிடம் உள்ள ஒரு மரெல்லிக்குள் காயிலைக் கட்டியிருந்த நாடாவின் முடிச்சைப் பார்த்ததும் அண்ணன் சிரித்துவிட்டார்.

"இது எங்கள் மேஸ்திரி முடிச்சு. வேறு யாரும் இப்படிப் போட மாட்டார்கள்."

அந்த முடிச்சு எனக்கு மிலான் தகட்டைவிடப் பெரிதாகப்பட்டது. அந்தக் காயில் இன்னும் நன்றாக இருக்கிறது, மெக்கர் தேர்ச்சியளித்தது. அதை மாற்றவில்லை, மாற்றவும் விடமாட்டேன். ஓடாத விசிறியை அசல் என்று போற்றுகிறவர்கள் போற்றட்டும். மதுரைக்காரர் ஒருவரின் கை அதற்குள் இருக்கிறது என்பதால் என் மரெல்லி குறைந்துபோகவில்லை. அந்தக் கையையும் சேர்த்துத்தான் நான் பாதுகாக்கிறேன்.

விசிறிகள் அழிவதற்குக் காரணம் பழமை அல்ல, செம்பு விலை. சிம்மக்கல் பக்கத்திலும் ஆற்றோரத்திலும் உள்ள பழைய இரும்புக் கடைகளில் நின்று பார்த்தால் தெரியும். வந்த விசிறியை முதலில் சுத்தியலால் உடைப்பார்கள். பித்தளை ஒரு சாக்கு, வார்ப்பிரும்பு ஒரு சாக்கு, செம்புக் கம்பி ஒரு சாக்கு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது அவர்கள் பிழைப்பு. ஆனால் உடைப்பதற்கு முன்னால் ஒரு போன் பேசுங்கள் என்று சில கடைகளில் சொல்லி வைத்திருக்கிறேன், எடைக்கு மேலே கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கிறேன். தியேட்டர் இடிக்கும்போதும் பழைய மில் குடியிருப்பு காலியாகும்போதும் இப்படி விசிறிகள் வரும். பாதிக்கு இறக்கை இருக்காது.

இவையெல்லாம் வீட்டில் தினமும் ஓட்டுவதற்கல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஜனவரி முதல் கூரை விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயம். இன்றைய பிஎல்டிசி (கார்பன் இல்லாத டிசி மோட்டார்) விசிறி 30 வாட் சுமாரில் முடித்துவிடும் வேலைக்குப் பழைய கூரை விசிறி 75, 80 வாட் கேட்கும். அதன் கம்பிச்சுருள் ரெகுலேட்டர் வேகத்தைக் குறைக்கும்போது மிச்ச மின்சாரத்தைச் சூடாகவே வீணாக்கும். என் வீட்டுக் கூடத்தில் இருப்பதும் புது விசிறிதான். பழையவை என் அறையில் இருக்கின்றன. மாலையில் ஒவ்வொன்றையும் சற்று நேரம் ஓடவிடுகிறேன். ஓடாமல் வைத்தால் எண்ணெய் மறுபடி இறுகிவிடும். பார்க்க வருகிறவர்களில் வயதானவர்கள் எல்லோரும் ஒரே காரியம்தான் செய்கிறார்கள்: முன்னால் போய் நின்று, சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு காற்று வாங்குகிறார்கள்.

நோட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். அண்ணனிடம் நீள வாட்டமான கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது. மேஸ்திரி தொடங்கியது, பாதிக்கு மேல் அண்ணன் எழுதியது. கட்டிய ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு பதிவு. நிறுவனம், அளவு, காடி எத்தனை, காயில் எத்தனை, சுற்று எத்தனை, கேஜ் என்ன, காயில் சுற்றும் அச்சு மரத்தின் நீள அகலம், முனைகள் சேரும் வரிசை. பக்கத்தில் சின்னக் குறிப்புகளும் உண்டு: "புஷ் பார்க்கவும்", "சத்தம் வரும், சொல்லிவிட்டுக் கொடுக்கவும்". சுற்றும் திசையைக் காட்ட ஒரு வட்டமும் அதில் ஒரு கொம்பும். பென்சிலில் எழுதிய பக்கங்கள் எண்ணெய் பட்டு மங்கிவிட்டன. செய்த நிறுவனங்கள் பலவும் மூடிவிட்டன அல்லது கைமாறிவிட்டன; பழைய விசிறிகளின் காயில் கணக்கை அவர்களிடம் கேட்டால் கிடைக்காது. கருகிப் பொசுங்கி எண்ணவே முடியாத ஸ்டேட்டர் வந்தால் அண்ணன் இந்த நோட்டைத்தான் புரட்டுகிறார். அந்தக் கணக்கு வேறெங்கும் இல்லை.

அண்ணனின் மகன் கோவையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார், நன்றாக இருக்கிறார். அண்ணனுக்கு அதில் குறை எதுவும் இல்லை. இரண்டு கண்ணிலும் புரை வந்து அரவிந்த் கண் மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டபின் 36 கேஜ் கம்பி மறுபடி தெளிவாகத் தெரிகிறது என்று சந்தோஷமாக உட்கார்ந்துவிட்டார். நான் நோட்டைப் பிரதி எடுக்கட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். தொழில் ரகசியம் அல்லவா.

"எழுதிக்கொள் தம்பி. மேஸ்திரி எனக்குச் சும்மாதானே கொடுத்தார்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்காருகிறேன். படம் எடுத்தால் மட்டும் போதாது. மேஸ்திரியின் சுருக்கெழுத்து அண்ணனுக்குத்தான் புரியும். அவர் வாசிக்க வாசிக்க நான் விரித்து எழுதுகிறேன். சில பதிவுகளில் அவரே நின்று, "இது எந்த விசிறி என்று நினைவிருக்கிறது" என்று அந்த வீட்டையும் அந்தக் குடும்பத்தையும் சொல்லத் தொடங்கிவிடுவார். அதையும் ஓரத்தில் எழுதிவைக்கிறேன்.

திண்டுக்கல், தேனி, சிவகங்கை, விருதுநகர் என்று எந்த ஊரிலும் காயில் கட்டும் கடையில் இப்படி ஒரு நோட்டு இருக்கும். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், மிக்சி கொடுக்கப் போகும்போது கேட்டுப் பாருங்கள். அவர் இசைந்தால் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள், அவர் வாசிப்பதைப் பதிவு செய்யுங்கள், சுருக்கெழுத்தைக் கேட்டு எழுதுங்கள். அட்டையை விட்டுவிடாதீர்கள், முக்கியமான எண்களை அட்டையின் உட்புறத்தில் எழுதும் பழக்கம் பலருக்கு உண்டு.

எங்கள் நோட்டில் டிசி ஆர்மேச்சர்களுக்கான பக்கங்கள் குறைவு. மேஸ்திரிக்கு அந்த வேலை அதிகம் வரவில்லை. அந்தக் கணக்கெல்லாம் வைத்திருக்கும் ஒருவர், ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், திருச்சி பொன்மலையில் இருக்கிறார் என்று அண்ணன் சொல்கிறார். என் எஸ்.ஐ.ஆர். விசிறியின் ஆர்மேச்சரைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் இருவரும் போகிறோம்.